மண்ணுக்குள் அடித்த புயல்

கோலார் தங்கவயல் மக்களுக்கு வங்கக் கடல் புயல் பெரிய பயம் இல்லை. கடற்கரையிலிருந்து இருநூறு கிலோமீட்டருக்கு மேல் உள்ளே, எண்ணூறு மீட்டருக்கும் அதிகமான உயரத்தில் இருக்கிறது ஊர். சென்னையில் மரங்களை வேரோடு சாய்க்கும் புயல் கிழக்குத் தொடர்ச்சி மலைகளைத் தாண்டி இந்தப் பக்கம் வரும்போது அதன் பல் பிடுங்கப்பட்டிருக்கும். நாலு நாள் தூறல், போர்வைக்குள் முடங்க வைக்கும் குளிர், ஈர விறகில் எரியாத அடுப்பு. அவ்வளவுதான்.

இவர்களுக்குத் தெரிந்த புயல் வேறு. அதற்கு முன்னறிவிப்பு கிடையாது. வானம் தெளிவாக இருக்கும், வேப்பிலைகூட அசையாது. திடீரென்று காலுக்கடியில் ஓர் உதைப்பு. பரணில் இருக்கும் பாத்திரங்கள் ஒன்றோடொன்று மோதும். சுவரில் பூசிய சுண்ணாம்பு பொரிந்து விழும். தூளியில் தூங்கும் குழந்தை விழித்து அழும். சில விநாடிகளில் எல்லாம் அடங்கிவிடும். அதன் பிறகுதான் லைன் வீடுகளின் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறக்கும்.

காற்றே இல்லாத அந்தப் புயலுக்குச் சுரங்கத்தை நடத்திய வெள்ளைக்கார இன்ஜினியர்கள் வைத்த பெயர் ‘ஏர் பிளாஸ்ட்’. பூமிக்கடியில் பாறை வெடித்துச் சிதறும்போது சுரங்கப் பாதைகளில் இருக்கும் காற்று மொத்தமாகத் தள்ளப்பட்டு சூறாவளிபோல் பாய்ந்து வரும். உள்ளே நின்றவனுக்கு முதலில் தெரிவது அந்தக் காற்றுதான். ஆகவே அந்தப் பெயர். பின்னால் அறிவியல்காரர்கள் ‘ராக் பர்ஸ்ட்’ என்று திருத்தினார்கள். சிதறியது பாறை, காற்று அதன் விளைவு.

மேலே வீட்டில் இருந்தவர்களுக்குப் பெயர் முக்கியமில்லை. தகப்பன் ஒரு ஷிப்ட், மூத்த மகன் ஒரு ஷிப்ட், மாமன் மச்சான்கள் வெவ்வேறு ஷாஃப்ட்களில் என்று மைன்ஸை நம்பியே வாழ்ந்த குடும்பங்கள் அந்த லைன்களில் ஏராளம். அப்படி ஒரு வீட்டில், தரை அதிர்ந்த மறுகணம் மனதில் ஓடுவது ஒரு கணக்கு. யார் உள்ளே, யார் வெளியே? பக்கத்து வாசலிலிருந்து குரல் வரும்: “அக்கா, உங்க வீட்டுக்காரரு எந்த ஷிப்ட்டு?” முதல் ஷிப்ட் முடிந்து வீட்டில் தூங்குகிறவனின் மனைவிக்கு மூச்சு வரும். உள்ளே போனவனின் மனைவி அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஷாஃப்ட் பக்கம் நடக்கத் தொடங்குவாள். ஓடமாட்டாள். ஓடினால் கெட்ட சேதியைத் தானே அழைத்து வருவது போலாகிவிடும் என்று ஒரு நம்பிக்கை எந்தச் சுரங்க ஊரிலும் இருக்கும்.

ஷாஃப்ட் வாசலில் காத்திருப்பது லேசான காரியமில்லை. சாம்பியன் ரீஃப் சுரங்கத்தின் அடித்தளம் மூன்று கிலோமீட்டருக்கும் அதிக ஆழத்தில் இருந்தது. ஒரே கேஜில் ஏறி நேராக அடிக்குப் போக முடியாது. ஒரு ஷாஃப்ட்டில் இறங்கி, பூமிக்குள்ளேயே நடந்து, இன்னொரு ஷாஃப்ட்டில் இறங்க வேண்டும். ஏறி வருவதும் அப்படித்தான். எனவே கீழே எந்த மட்டத்தில் வெடித்தது, எந்தப் பாதை அடைத்தது, யார் எந்தப் பக்கம் சிக்கியிருக்கிறார்கள் என்பது மேலே வந்து சேரவே நேரம் பிடிக்கும். கேஜ் ஒவ்வொரு முறை மேலே வரும்போதும் கூட்டம் முன்னால் நகரும். தூசி படிந்த முகங்களில் தன் வீட்டு முகத்தைத் தேடும். கிடைத்தவர்கள் சத்தம் போடாமல் அழைத்துக்கொண்டு போவார்கள், பக்கத்தில் இன்னும் காத்திருப்பவளைப் பார்க்காமல்.

மூன்று கிலோமீட்டர் ஆழத்தில் ஒரு சதுர மீட்டர் பாறையின் மேல் இருக்கும் சுமை எட்டாயிரம் டன்னுக்கும் அதிகம். கோலாரின் பாறையோ கடினமானது, கருநிறமான ஹார்ன்பிளெண்ட் சிஸ்ட். அதற்கு ஊடே மெல்லிய வெள்ளைப் பட்டையாக ஓடும் குவார்ட்ஸில்தான் தங்கம். அந்தப் பட்டையைத் தோண்டி எடுத்ததும் நடுவில் ஒரு வெற்றிடம். அதுவரை எல்லாப் பக்கமும் தாங்கப்பட்டிருந்த பாறைக்கு ஒரு பக்கம் திறந்துவிட்டது. மென்மையான பாறையாக இருந்தால் மெல்ல நசுங்கி உட்காரும். கடினமான பாறை அப்படி இல்லை. வளைக்கப்பட்ட மூங்கில்போல் விசையை உள்ளே சேர்த்துவைத்து, தாங்க முடியாத கணத்தில் வெடிக்கும். சிறியதாக இருந்தால் ஒரு மூலையில் கொஞ்சம் கல் தெறிக்கும். பெரியதாக இருந்தால் நூற்றுக்கணக்கான அடிக்குப் பாதை மூடிப்போகும். மேலே ராபர்ட்சன்பேட்டைக் கடைத்தெருவில் நிற்பவனுக்கும் கால் ஆடும்.

1880இல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் என்ற லண்டன் நிறுவனம் இங்கே கால் வைத்தது. அதற்கு முன்பே மைக்கேல் லாவெல் என்ற அயர்லாந்துக்காரர் மாட்டு வண்டியில் வந்து தேடிப் பார்த்து மைசூர் அரசிடம் உரிமம் வாங்கியிருந்தார். அதற்கும் வெகு காலம் முன்பே உள்ளூர் மக்கள் இங்கே பொன் எடுத்துக்கொண்டுதான் இருந்தார்கள். டெய்லர் கம்பெனி ஆழமாகத் தோண்டியது. தோண்ட ஆள் வேண்டியிருந்தது. பஞ்சமும் சாதிக் கொடுமையும் துரத்திய தலித் குடும்பங்கள் வட ஆற்காடு, சேலம், சித்தூர்ப் பக்கங்களிலிருந்து கூட்டம் கூட்டமாக வந்து சேர்ந்தன. முதலில் மூங்கில் தட்டிகளால் ஆன குடிசைகள், பிறகு வரிசை வரிசையாக லைன் வீடுகள். இப்படித்தான் கர்நாடகத்துக்குள் ஒரு தமிழ் ஊர் உருவானது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்த இயக்கத்துக்கு மாரிகுப்பத்தில் கிளை இருந்தது. மாரியம்மன் கோயிலும் மாதா கோயிலும் அடுத்தடுத்த தெருக்களில் எழுந்தன.

கம்பெனி வசதிகளைக் கொண்டுவந்தது என்பது உண்மை. 1902இல் சிவசமுத்திரத்தில் காவிரி நீரிலிருந்து எடுத்த மின்சாரம் சுமார் 147 கிலோமீட்டர் கம்பியில் ஓடி முதலில் வந்து சேர்ந்தது இந்த ஊருக்குத்தான், பெங்களூருக்கு அல்ல. ஆனால் அந்த மின்சாரம் முதலில் ஓட்டியது சுரங்க இயந்திரங்களை. லைன் வீடுகளில் விளக்கு எரிய இன்னும் காலம் ஆயிற்று. தங்கவயலைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்த மின்சாரக் கதையைப் பெருமையாகச் சொல்லிவிட்டு அடுத்த வரிக்குத் தாவிவிடுவது வழக்கம்.

ஏர் பிளாஸ்ட்டின் கதை பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிவதற்கு முன்பே தொடங்கிவிட்டது. அப்போது சுரங்கம் அவ்வளவு ஆழமில்லை. ஆழம் கூடக்கூட வெடிப்பும் கூடியது. ஆரம்பத்தில் தோண்டிய வெற்றிடத்தை மரக்கட்டைகளால் முட்டுக் கொடுத்தார்கள். மரம் நசுங்கியது, சில இடங்களில் தீப்பிடிக்கவும் வழி செய்தது. பிறகு கருங்கல். பக்கத்துக் குன்றுகளில் உடைத்த கிரானைட் கற்களை கேஜில் கீழே இறக்கி, பூமிக்குள் கோட்டைச் சுவர்போல் அடுக்கிக் கட்டினார்கள். தங்கம் இருக்கும் பாறை மேலே வர, தங்கம் இல்லாத கல் கீழே போனது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது விசித்திரமாகத் தோன்றும். அந்தச் சுவர்தான் பல ஆயிரம் பேரை உயிரோடு வீட்டுக்கு அனுப்பியது என்பது உள்ளே போனவர்களுக்குத் தெரியும்.

பாறையைக் கேட்கவும் முயன்றார்கள். நிலநடுக்கமானிகள் மிக முன்னதாகவே வந்தன. 1955இல் ராக் பர்ஸ்ட் பற்றி ஆராய நிபுணர் குழுவே அமைந்தது. 1970களின் பிற்பகுதியில் பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் துணையோடு அதிர்வுகளைப் பதியும் கருவி வலை விரிக்கப்பட்டது. 1988இல் தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனம் தங்கவயலிலேயே தொடங்கியது. எங்கே வெடித்தது, எவ்வளவு பெரிது என்று சில நிமிடங்களில் சொல்ல முடிந்தது. எப்போது வெடிக்கும் என்பதை மட்டும் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

எல்லா வெடிப்பும் ஒன்றல்ல. ஒரு தடவை வெடித்து ஓய்வது ஒரு வகை. இன்னொரு வகையை ‘ஏரியா ராக் பர்ஸ்ட்’ என்பார்கள். பெரிய வெடிப்பு ஒன்று, அதைத் தொடர்ந்து மணிக்கணக்கில், நாள்கணக்கில், சில சமயம் வாரக்கணக்கில் சின்னச் சின்ன வெடிப்புகள். 1962இல் சாம்பியன் ரீஃப்பின் கிளென் தாதுப் பகுதியில் நடந்தது அந்த வகை. 1971இலும் அப்படி ஒன்று. அந்த நாட்களில் ஒரு குடும்பம் எப்படி இருந்திருக்கும் என்பதை நினைத்துப் பார்க்கலாம். தரை இன்னும் ஓயவில்லை. ராத்திரி படுக்கும்போது ஓர் உதைப்பு, விடியும்போது இன்னொன்று. வீட்டுச் சுவரில் விரிந்த கோடு அன்றைக்கு அன்றைக்குக் கொஞ்சம் நீள்கிறது. அதற்கு நடுவில் சங்கு ஊதுகிறது, ஷிப்ட் கூப்பிடுகிறது. போகாவிட்டால் கூலி இல்லை. வீடோ கம்பெனி வீடு. வேலை இருந்தால்தான் வீடு. மனைவி தூக்குப் போணியில் சோற்றைக் கட்டிக் கொடுக்கிறாள்.

கடலோரத்தில் புயல் அடித்தால் குடும்பத்தையே பள்ளிக்கூடத்துக்கோ கோயில் மண்டபத்துக்கோ கூட்டிப் போவார்கள். தங்கவயலில் புயல் எங்கே அடிக்கிறதோ அங்கேயே வேலைக்குப் போக வேண்டியிருந்தது.

இத்தனை கலவரத்துக்கு நடுவே அதே சுரங்கத்தின் ஆழத்தில் உலகிலேயே அமைதியான இடங்களில் ஒன்றும் இருந்தது. விண்வெளியிலிருந்து பொழியும் காஸ்மிக் கதிர்களை மேலே இருக்கும் பாறை தடுத்துவிடுவதால், டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் விஞ்ஞானிகள் ஜப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகங்களோடு சேர்ந்து சாம்பியன் ரீஃப்பில் கருவிகளை வைத்தார்கள். 1965இல் வளிமண்டல நியூட்ரினோக்கள் முதன்முதலாகப் பதிவான இடங்களில் ஒன்று தங்கவயல். எந்தப் பாறை தொழிலாளியின் மேல் வெடித்ததோ, அதே பாறை விஞ்ஞானிக்குக் குடை பிடித்தது. பாறையின் வெப்பம் அறுபது டிகிரியைத் தொடும் அந்த ஆழத்தில் கருவிகளைச் சுமந்து போனவர்களில் பலரும் சுரங்கத் தொழிலாளிகள்தான். அவர்கள் பெயர் எந்த ஆய்வுக் கட்டுரையிலும் வரவில்லை.

சுரங்கங்கள் 1956இல் மைசூர் அரசின் கைக்கும், 1962இல் மத்திய அரசின் கைக்கும் வந்தன. 1972இல் பாரத் கோல்டு மைன்ஸ் லிமிடெட் உருவானது. அதற்குள் தங்கம் மெலியத் தொடங்கியிருந்தது. தொடக்க காலத்தில் ஒரு டன் பாறையில் நாற்பது கிராமுக்கு மேல் கிடைத்தது, கடைசியில் மூன்று நான்கு கிராமாகக் குறைந்தது. ஆழம் கூடியதால் செலவு மட்டும் ஏறியது. 1992இல் நிறுவனம் நலிவுற்றதாகப் பட்டியலுக்குப் போனது. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்பட்டன. நூற்றிருபது ஆண்டுகளில் சுமார் 800 டன் தங்கம் கொடுத்த ஊர். ஒரு காலத்தில் முப்பதாயிரம் பேருக்கு மேல் வேலை செய்த இடத்தில் கடைசி நாளில் எஞ்சியிருந்தவர்கள் நாலாயிரத்துக்கும் குறைவு.

இந்தப் புயலுக்குச் சத்தம் இல்லை. சங்கு ஊதவில்லை என்பதுதான் அடையாளம். பல தலைமுறைகளாகச் சங்கைக் கேட்டு எழுந்து, சங்கைக் கேட்டு உலை வைத்த வீடுகளில் நேரமே குழம்பிப் போனது. தொழிற்சங்கங்கள் உயர் நீதிமன்றம் போயின, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை நீண்டது. 2013இல் சுரங்கத்துக்கு உலகளாவிய டெண்டர் விட உச்ச நீதிமன்றம் வழிவிட்டது. ஆழத்துச் சுரங்கம் மட்டும் திறக்கவில்லை. நிலுவைத் தொகைக்கும், குடியிருக்கும் லைன் வீட்டின் பத்திரத்துக்கும் முன்னாள் தொழிலாளிகள் அலைந்த அலைச்சல் தனிக் கதை. பாறையின் நெஞ்சில் கருவி வைத்துக் கேட்ட அரசாங்கம், வேலை போன வீடுகளின் நெஞ்சில் எதையும் வைத்துக் கேட்கவில்லை.

சுரங்கம் மூடினால் வெடிப்பும் நின்றுவிடும் என்றுதான் எவரும் நினைப்பார்கள். நிற்கவில்லை. சுரங்கம் நடந்த காலமெல்லாம் உள்ளே ஊறும் தண்ணீரை இரவும் பகலும் பம்புகள் இறைத்துக்கொண்டிருந்தன. அவை நின்றதும் தண்ணீர் மட்டம் மட்டமாக ஏறியது. பாறை இடுக்குகளிலும் பழைய பிளவுகளிலும் நீர் நுழைந்தது. நூறாண்டாகக் கிழிபட்டுக் கிடந்த பாறைக்கு இது புதிய நெருக்கடி. 2004இலும் 2006இலும் வழக்கத்துக்கு மாறான அதிர்வுகள் பதிவாயின. ஆட்கள் யாரும் உள்ளே இல்லாத சுரங்கம் அதிர்ந்தது. மேலே அதே லைன்களில் அதே பாத்திரங்கள் மோதின.

இந்த அதிர்வில் ஒரு வித்தியாசம் உண்டு. இப்போது யாரும் ஷாஃப்ட் பக்கம் நடப்பதில்லை. கணக்குப் போட ஆளில்லை. வயதானவர்கள் மட்டும் ஒரு கணம் தலை நிமிர்ந்து பார்த்திருப்பார்கள்.

பழைய புயல் விட்டுப்போன இன்னொரு சொத்து ஊருக்கு நடுவே குவிந்து கிடக்கிறது. தங்கம் எடுத்த பிறகு மிஞ்சிய அரைத்த பாறைத் தூள், சயனைடு கலந்த கழிவாக வெளியே கொட்டப்பட்டு, காலப்போக்கில் மலைகளாகிவிட்டது. பதின்மூன்று குன்றுகள், சுமார் 3 கோடியே 30 லட்சம் டன். மரம் முளைக்காத, சாம்பலும் மஞ்சளுமான சரிவுகள். தூரத்திலிருந்து பார்த்தால் பாலைவன அழகு இருப்பதால் சினிமாக்காரர்களுக்கு மிகவும் பிடித்த இடம். ‘கே.ஜி.எஃப்.’ படம் வந்த பிறகு பெங்களூரிலிருந்து இளைஞர்கள் மோட்டார் பைக்கில் வந்து படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். படத்தில் வரும் ஊருக்கும் இந்த ஊருக்கும் பெயர் மட்டும்தான் ஒன்று.

ஆடி மாதம் காற்று எழும்போது அந்தக் குன்றுகளும் எழும். இப்போதுதான் உண்மையிலேயே காற்று. மாவுபோல் நைந்த தூள் தெருவெல்லாம் பறந்து, ஓட்டு இடுக்கு வழியாக வீட்டுக்குள் இறங்கி, தண்ணீர்க் குடத்திலும் காய வைத்த துணியிலும் படியும். குழந்தையின் இமையில் வெள்ளையாக ஒட்டும். மழை வந்தால் அதே தூள் சேறாகக் கரைந்து ஓடையில் இறங்கும். நிர்வாகம் ஒரு காலத்தில் குன்றைச் சுற்றி மரம் நட்டுப் பார்த்தது. கொஞ்சம் பிடித்தது, கொஞ்சம் காய்ந்தது.

தூசி இந்த ஊருக்குப் புதிதல்ல. சிலிக்கா தூள் நுரையீரலில் படிந்து கல்லாகும் சிலிக்கோசிஸ் நோய்க்கு இந்தியாவில் முதலில் முகவரி கிடைத்ததே இங்கேதான். 1940களில் நடந்த பரிசோதனைகளில் சோதிக்கப்பட்ட தொழிலாளிகளில் பத்தில் நாலு பேருக்கு மேல் அது இருந்தது. அன்று தகப்பன் பூமிக்குள் இறங்கித் தூசியை மூச்சில் வாங்கினான். இன்று அது அவன் பேரனைத் தேடி வீட்டுக்கே வருகிறது.

அந்தப் பேரன் பெரும்பாலும் பகலில் வீட்டில் இருப்பதில்லை. மாரிகுப்பத்திலிருந்து விடியும் முன்பே பெங்களூருக்கு ரயில் கிளம்புகிறது. சுரங்கத்துக்காகப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் போட்ட அதே கிளைப் பாதை. சாம்பியன், உரிகம், கோரமண்டல் என்று நிறுத்தத்துக்கு நிறுத்தம் ஆட்கள் ஏறுகிறார்கள். கட்டட வேலை, செக்யூரிட்டி, ஆஸ்பத்திரி, கம்ப்யூட்டர் கம்பெனி என்று எல்லா வேலைக்கும் அந்த ஒரே ரயில். ஒரு பக்கம் நூறு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. போக வர ஐந்தாறு மணி நேரம் பெட்டியிலேயே கழியும். பாட்டன் கேஜில் நின்ற நெருக்கம் இப்போது ரயில் பெட்டிக்கு வந்திருக்கிறது. அம்மாக்கள் அதே மாதிரி சோறு கட்டிக் கொடுக்கிறார்கள். தூக்குப் போணி பிளாஸ்டிக் டப்பாவாக மாறியிருக்கிறது.

2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை, குன்றுகளில் மிஞ்சியிருக்கும் தங்கத்தை எடுக்கும் மத்திய அரசின் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. பதின்மூன்று குன்றுகள், ஆயிரம் ஏக்கருக்குச் சற்று மேல். ஊரில் இதைப் பற்றிப் பேச்சு இரண்டாகப் பிரிகிறது. வேலை வரும் என்பது ஒன்று. மூடிக் கிடப்பதைக் கிளறினால் தூசி எங்கே போகும் என்பது இன்னொன்று. இரண்டாவது கேள்விக்கு ஒப்பந்தத்தில் எழுதப்படும் நிபந்தனைகளே பதில். தண்ணீர் தெளித்து, மூடி, அளந்துதான் வேலை நடக்கும் என்று காகிதம் சொல்லலாம். காகிதத்தை யார் காப்பது என்பதில்தான் லைன் வீட்டுக்காரர்களுக்குச் சந்தேகம். அந்தச் சந்தேகத்துக்கு நியாயம் இருக்கிறது.

சாயங்கால ரயில் மாரிகுப்பத்தில் வந்து நிற்கும்போது இருட்டியிருக்கும். அதற்கு மேல் தண்டவாளம் கிடையாது. இறங்கியவர்கள் துருப்பிடித்த ஷாஃப்ட் கோபுரங்களைத் தாண்டி லைன்களுக்குள் பிரிந்து போகிறார்கள். பல வீடுகளில் பழைய விரிசல்மேல் சிமெண்ட் பூசி, அதன்மேல் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். விரிசல் இருந்த இடம் தெரியாமலில்லை. பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது அந்த இடத்தில் மட்டும் இரண்டு கோட்டிங் கொடுப்பார்கள்.